அடிபட்ட பறவை, விலங்குகளைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வண்டியும் ஆளும் தேவை (சென்னை, தென்புறநகர்)

பள்ளிக்கரணைவாசி | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக வார இறுதிகளிலும் சில இரவுகளிலும் ஒரு வேலை செய்து வருகிறேன். மொட்டைமாடியிலோ தெருவிலோ அடிபட்ட பறவையைப் பார்த்தவர் யாராவது தகவல் சொல்வார். நான் வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போய் எடுத்துக்கொண்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படைப்பேன். பெரும்பாலும் கிண்டி, சில நேரம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. நான் மருத்துவரும் இல்லை, பறவை நிபுணரும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பழைய வேகன் ஆர், நாலைந்து அட்டைப்பெட்டி, ஆறு துண்டு.

இதை எழுதத் தூண்டியது போன செவ்வாய்க்கிழமை. மேடவாக்கத்தில் ஒரு குடியிருப்பில் கூகை ஒன்று வராந்தாவில் விழுந்து கிடக்கிறது என்று மாலை ஏழு மணிக்குச் சொன்னார்கள். நான் சிறுசேரியில் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த மூன்று பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் வண்டி பணிமனையில், ஒருவர் எடுக்கவில்லை. நான் போய்ச் சேரும்போது பத்தரை. அதற்குள் அதை ஒரு கிளிக்கூண்டில் போட்டிருந்தார்கள். மருந்து பாட்டில் ஃபில்லரால் பால் ஊட்டியிருந்தார்கள். சுற்றிப் பிள்ளைகள், ஆளுக்கொரு செல்போன் வெளிச்சம். யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த வீட்டம்மா கண் கலங்கித்தான் நின்றார்.

பெட்டிக்கு மாற்றி முன் சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு கிளம்பினேன். நகம் அட்டையில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. வேளச்சேரி மேம்பாலம் இறங்கும்போது அது நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் திறக்கவில்லை. ஒருவேளை மயக்கமாக இருந்தால் திறந்த வெளிச்சமே அதை முடித்துவிடும். கிண்டியில் திறந்து பார்த்தபோது தட்டு போன்ற அதன் முகம் முழுக்கப் பால் காய்ந்து வெள்ளை இறகு கட்டியாக ஒட்டியிருந்தது. எலும்பு முறிவு எதுவும் இல்லையாம். பால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது என்றார் மருத்துவர்.

எங்கோ மோதி அதிர்ச்சியில் விழுந்த பறவை அது. ஏழு மணிக்கு யாராவது ஒருவர் எடுத்து இருட்டுப் பெட்டியில் வைத்திருந்தால் இன்று அது வண்டலூர்ப் பக்கம் எலி பிடித்துக்கொண்டிருக்கலாம். இந்த ஊரில் சிகிச்சை கொடுக்க ஆள் இருக்கிறார்கள். இரக்கப்படுகிற மக்களும் இருக்கிறார்கள். நடுவில் அந்தப் பதினைந்து கிலோமீட்டருக்குத்தான் ஆளில்லை. யார் யார் வரமுடியும், எந்த நேரம் முடியும், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே ஓட்டுபவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 9.55

அண்ணா, நான் பெருங்குடியில் இரவு வேலை. காலை நாலு மணிக்கு முடியும். கார் இருக்கிறது, செய்ய ஆசையும் இருக்கிறது. ஆனால் சிறு வயதிலிருந்து ஒரு கோழியைக்கூடக் கையால் தூக்கியதில்லை. பருந்து கொத்திவிட்டால் என்ன செய்வது? வழியில் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என் தவறு ஆகிவிடாதா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

கால்நடை டாக்டர் | ஞாயிறு, இரவு 11.20

இரவுப்பணி தம்பிக்குப் பதில். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்டு உயிர் நம்மை உதவி செய்ய வந்தவராகப் பார்க்காது. தன்னைத் தின்ன வந்ததாகத்தான் பார்க்கும். நாம் தடவிக்கொடுப்பதும், "பயப்படாதே கண்ணு" என்று பேசுவதும் அதற்கு மரண பயம். அது அசையாமல் உட்கார்ந்திருந்தால் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இதயம் பறந்துகொண்டிருக்கும். அதனால் ஓட்டுபவர் கொடுக்கக்கூடிய முதல் சிகிச்சை இருட்டு, அமைதி, மிதமான சூடு. நாலாவதாக ஒன்று உண்டு. வாயில் எதையும் ஊற்றாமல் இருப்பது. பறவையின் மூச்சுத்துளை நாக்குக்குப் பின்னாலேயே, வாய்க்குள் திறந்திருக்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் நேரே அதற்குள் போகும். பால் எந்தப் பறவைக்கும் உணவே இல்லை. அணில் குட்டிக்குப் பசும்பால் கொடுத்து வயிற்றுப்போக்கில் போனவற்றை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெட்டி அட்டையாக இருக்கட்டும். கம்பிக்கூண்டு வேண்டவே வேண்டாம். கம்பியில் அடித்து அடித்து இறகு முறியும். அது மறுபடி முளைத்துப் பறக்க மாதக்கணக்காகும். பறவையை வைக்கும் முன்பே துளை போடுங்கள், உள்ளேயிருந்து வெளியே குத்துங்கள், அப்போது கூர்முனை உள்பக்கம் நிற்காது. அடியில் பழைய துண்டு விரியுங்கள். செய்தித்தாள் வழுக்கும், கால் அகண்டுவிடும். நூல் பிரிந்த துண்டாக இருந்தால் நகம் மாட்டிக்கொள்ளும். பறவை நிற்கவும் திரும்பவும் இடம் போதும், இறக்கை விரிக்க இடம் வேண்டாம்.

கொத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். பருந்து, வல்லூறு, ஆந்தை இவற்றின் ஆயுதம் அலகு அல்ல, கால். துண்டைத் தலையோடு போர்த்திவிட்டால் பாதி அடங்கிவிடும், பிறகு இரண்டு காலையும் துண்டோடு சேர்த்துப் பிடியுங்கள். கொக்கு, நாரை, மடையான் வகைகளுக்குக் கழுத்து ஸ்பிரிங் மாதிரி. கண்ணைக் குறிவைத்து நீட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் அவற்றின் அருகே போகாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வி. வழியில் இறந்தால் அது உங்கள் தவறு இல்லை. எங்கள் மேசைக்கு வந்த பிறகும் பல இறக்கின்றன.

வழக்கறிஞர்_தாம்பரம் | திங்கள், காலை 7.05

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் அடங்கும். அதனால் நல்ல மனதோடு எடுத்து வந்த பச்சைக்கிளியைக் குணமாக்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டால் வழக்கு வரும். பலர் 39ஆம் பிரிவில் உள்ள 48 மணி நேரம் என்பதை, இரண்டு நாள் வைத்துக்கொள்ள அனுமதி என்று புரிந்துகொள்கிறார்கள். அது தகவல் தெரிவிப்பதற்கான கடைசி எல்லை. வைத்துக்கொள்ள உரிமை அல்ல.

அதனால் நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். எடுப்பதற்கு முன் வனத்துறைக்கு அழைப்பு. பேசியவர் பெயர், நேரம், அவர் சொன்ன இடம் மூன்றையும் எழுதிவையுங்கள். கிடந்த இடத்தில் ஒரே ஒரு படம். ஒப்படைத்ததும் கையெழுத்துடன் ஒரு துண்டுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். நேரே போய்ச் சேருங்கள், வீட்டில் இறக்கிக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. முன்பு ஐந்தாம் அட்டவணையில் காகமும் பழந்தின்னி வௌவாலும் எலியோடு சேர்த்துத் தீங்குயிர்கள் என்று எழுதப்பட்டிருந்தன. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. ஆகவே "காக்காய்தானே" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு பழசு.

நெல்லை_காடு | திங்கள், காலை 8.30

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடில்லாத பகுதி இருக்கிறது. பதினைந்து வருடமாகக் காட்டோரம் வாழ்கிறேன். ஆர்வத்தில் எடுத்து வரப்படும் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. மைனாக் குஞ்சு, புல்புல் குஞ்சு எல்லாம் முழுசாகப் பறக்கும் முன் தரையில் இறங்கி இரண்டு மூன்று நாள் தத்தும். தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. எடுத்தவர் திரும்பக் கொண்டுபோய் விட்டால் அது பெரும்பாலும் ஊட்டும். நீங்கள் நாற்பது பேர் வண்டியோடு தயாராக நின்றால், எடுத்துவரப்படும் குஞ்சுகள்தான் கூடும். காட்டில் அடிபட்டது இன்னொன்றுக்கு இரை, அதையும் யோசியுங்கள்.

பள்ளிக்கரணைவாசி | திங்கள், காலை 9.02

நெல்லை அண்ணா, குஞ்சு விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி அப்படித்தான். நான் செய்வது இதுதான். கண்ணும் இறகும் வந்து, தன்காலில் தத்துகிறதா? அப்படியானால் பக்கத்துப் புதரில் விட்டுவிட்டு, பூனையை உள்ளே கட்டச் சொல்லி, தூர நின்று ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்வேன். தாய் வந்ததும் அவர்களே மகிழ்ச்சியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். போகாத பயணமும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். விதிவிலக்கு ஒன்று, பூனை வாயிலிருந்து மீட்டது. வெளியே காயம் தெரியாவிட்டாலும் பூனைப் பல்லின் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதைக் கொண்டுபோயே ஆகவேண்டும்.

ஆனால் இரை என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஏற்றிய உயிர்களை யோசித்துப் பார்க்கிறேன். பட்டம் விடும் மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த கள்ளப்பருந்து. கண்ணாடிச் சுவரில் மோதிய ஆறுமணிக்குருவி. மின்கம்பியில் கருகிய வௌவால். டயரில் நசுங்கிய உடும்பு. இதில் எது இயற்கை? நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடைசெய்தது. இன்னும் நம் மாடிகளில் தொங்குகிறது. நாம் செய்த காயத்துக்கு நாம்தான் வண்டி எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நெல்லை_காடு | திங்கள், காலை 9.40

சரி. நகரத்துக்கு இது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பை எல்லா ஓட்டுநருக்கும் சொல்லிக்கொடுங்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

குட்டியானை_நீலாங்கரை | திங்கள், மதியம் 1.15

நான் குட்டியானை, அதாவது சின்ன சரக்கு வண்டி, ஓட்டுகிறேன், வாடகைக்கு. கடற்கரைப் பக்கம் மீன்பெட்டி ஏற்றும் வேலை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். வலையில் மாட்டித் துடுப்பு அறுந்து சிலது உயிரோடு கரை ஒதுங்கும். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் செத்து ஒதுங்கியதை நானே பார்த்தேன். நூற்றுக்கணக்கில். அந்த நாற்றம் ஒரு மாதம் மூக்கை விட்டுப் போகவில்லை. மனசு விட்டுப் போயிற்று. அதன்பின் உயிரோடு ஒன்று கிடைத்தால் வாடகை கேட்கமாட்டேன் என்று முடிவு பண்ணினேன்.

போன பிப்ரவரியில் ஒன்று ஏற்றினேன். நாற்பது கிலோ இருக்கும், நான்கு பேர் தூக்கினோம். அதற்கு முன் பக்கத்தில் இருந்த பையன்கள் கடலில் தள்ளிவிடப் பார்த்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பலம் இல்லாத ஆமை தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். அதற்கும் நம்மைப் போல மூச்சுக்காற்று வேண்டும். மல்லாக்கப் புரட்டக் கூடாது. ஓட்டின் மேல் ஈரச் சாக்கு போட்டோம், மூக்கை மூடாமல். அடியில் பழைய மெத்தை. துடுப்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று இரவில் கரையோரம் ஆமை முட்டைகளைத் தேடி நடக்கும் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். வனத்துறையாள் ஒருவர் பின்னால் ஆமையோடு உட்கார்ந்து வந்தார். ஈ.சி.ஆர். முழுக்க இருபதில்தான் ஓட்டினேன். அது மூச்சு விடும் சத்தம் கேபினுக்குள் கேட்டது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் சைக்கிள் டயரில் காற்று பிடுங்கின மாதிரி ஒரு புஸ். அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே ஓட்டினேன்.

பெரிய உருப்படி எது என்றாலும் கூப்பிடுங்கள். ஞாயிறு தவிர இரவு எட்டுக்கு மேல் வண்டி சும்மாதான் நிற்கும்.

மாடித்தோட்டம் | திங்கள், மாலை 5.52

இந்த இழையை மதியம்தான் படித்தேன். இப்போது எனக்கே வந்துவிட்டது. மடிப்பாக்கம். எங்கள் மாடியில் டிஷ் ஆன்டெனாவில் ஒரு மடையான் தொங்குகிறது, மாஞ்சா நூல் இறக்கையில் சுற்றி. கைக்கு எட்டும் உயரம். துடிக்கிறது, ரத்தம் சொட்டுகிறது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டேன், வேறு இடத்தில் இருக்கிறார்களாம், எடுத்து வர முடிந்தால் கிண்டிக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். வீட்டில் நானும் மாமியாரும்தான். நூலை இழுத்துவிடட்டுமா?

கால்நடை டாக்டர் | திங்கள், மாலை 5.55

இழுக்காதீர்கள் அம்மா. நூல் சதைக்குள் இருக்கும், இழுத்தால் அறுத்துக்கொண்டு போகும். கண்ணாடி போடுங்கள், மாமியாரையும் போடச் சொல்லுங்கள். பெரிய துண்டைத் தலை, இறக்கை எல்லாம் மூட மேலே போர்த்துங்கள். ஒருவர் துண்டோடு சேர்த்து உடம்பைத் தாங்கிப் பிடிக்கட்டும், கனம் நூலில் விழக் கூடாது. இறக்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும், நெஞ்சை அழுத்தாதீர்கள், அது நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. இன்னொருவர் கத்தரியால் நூலை ஆன்டெனா பக்கம் வெட்டட்டும், பறவைப் பக்கம் ஒரு சாண் நீளம் விட்டு. உடம்பில் சுற்றியிருப்பதை அப்படியே விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்வோம். பெட்டியில் வைத்து மூடியபின் திறக்காதீர்கள்.

பள்ளிக்கரணைவாசி | திங்கள், மாலை 5.57

நான் ஓ.எம்.ஆரில் நிற்கிறேன், இந்த நேரத்தில் வந்து சேர ஒரு மணி நேரமாகும். மடிப்பாக்கம் பக்கம் யாராவது?

இரவுப்பணி | திங்கள், மாலை 6.01

நான் வேளச்சேரியில் வீட்டில்தான் இருக்கிறேன். வேலை ஏழரைக்குத்தான். வருகிறேன். விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அக்கா. மூக்குக்கண்ணாடி தினமும் போடுபவன்தான்.

மாடித்தோட்டம் | திங்கள், மாலை 6.20

பெட்டியில் இருக்கிறது. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. மாமியார்தான் பிடித்தார், எனக்குக் கை நடுங்கிவிட்டது. கிராமத்தில் கோழி வளர்த்தவர், ஒரு வார்த்தை பேசாமல் பிடித்துக்கொண்டார். உள்ளே சத்தமே இல்லை. திறந்து பார்க்கணும் போல இருக்கிறது. பார்க்கவில்லை.

கால்நடை டாக்டர் | திங்கள், மாலை 6.22

பார்க்காதீர்கள். சத்தமில்லாமல் இருப்பது நல்லதுதான். வெயில் படாத அறையில், மின்விசிறிக்கு நேர்க்கீழே இல்லாமல் வையுங்கள்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 6.10

நேற்று இரவு வேலைக்கு அரை மணி தாமதமாகப் போனேன், இப்போதுதான் வீடு வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பெட்டியை முன் சீட்டின் கால்வைக்கும் இடத்தில் வைத்தேன், அங்கேதான் ஆடாது. ஏசியை மிதமாக வைத்து காற்றுத்துளையை மேலே திருப்பிவிட்டேன். பாட்டு போடவில்லை, போனை அதிர்வில் வைத்தேன். ஹாரன் அடிக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு ஓட்டினேன். மாலை ஆறரைக்கு வேளச்சேரி ரோட்டில் ஹாரன் இல்லாமல் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். விஜயநகர் சந்திப்பில் பின்னால் வந்த பேருந்து அடித்த ஹாரனுக்குப் பெட்டி ஒருமுறை குலுங்கியது, உள்ளே "க்ராக்" என்று ஒரு சத்தம். எனக்கு வியர்த்துவிட்டது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நிறுத்தி ஏறினேன். மீன்வாடை கார் முழுக்க. இப்போதும் இருக்கிறது.

ஏழு பத்துக்கு ஒப்படைத்தேன். சீட்டு வாங்கினேன். அவர்கள் துண்டை விலக்கியபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மங்கலான பழுப்பு நிறப் பறவை, இறக்கை விரிந்ததும் உள்ளே பளீரென்று வெள்ளை. கண் மஞ்சள். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தது. மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

கோவை_மாணவி | செவ்வாய், காலை 10.45

வாழ்த்துகள் அண்ணா. நான் கோவையில் இதுபோல் ஒரு மரநாய்க் குட்டியைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் கொடுத்தேன். அதன்பின் அது என்ன ஆனது என்று எத்தனையோ முறை கேட்டும் யாரும் சொல்லவில்லை. எட்டு மாதமாகிறது. இரவில் நினைவு வந்தால் தூக்கம் போய்விடும். அந்த வருத்தத்தில் அடுத்த இரண்டு அழைப்புக்கு நான் போகவில்லை. முடிவைச் சொல்வது அவர்கள் கடமை இல்லையா?

கால்நடை டாக்டர் | செவ்வாய், மதியம் 2.30

கடமை என்றுதான் நானும் நினைக்கிறேன் அம்மா. ஒரு செய்தி அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். பல நாட்களில் சொல்ல வேண்டியது கெட்ட செய்தியாக இருக்கிறது. தோள் மூட்டில் எலும்பு பல துண்டாக நொறுங்கிய பருந்து இனி பறக்காது. கூண்டில் வருடக்கணக்கில் வைப்பதா, கருணையோடு முடிப்பதா என்று முடிவெடுத்துவிட்டு, அதைக் கொண்டுவந்த பிள்ளைக்குப் போன் போட எனக்குக் கை வராது. நான் செய்தது சரி என்று சொல்லவில்லை.

இனி ஒரு வழி. ஒப்படைக்கும்போதே "எந்த முடிவாக இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்" என்று சீட்டின் பின்னால் எண்ணோடு எழுதிக்கொடுங்கள். என் மேசைக்கு அப்படி ஒரு சீட்டு வந்தால் நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

மரநாய் பற்றி எழுதியதால் இதையும் சொல்லியாக வேண்டும். மரநாய், கீரி, நரி, குரங்கு எதையும் வெறும் கையால் தொடாதீர்கள். குட்டியாக இருந்தாலும். பல் பட்டால், கீறினால், உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனை. வெறிநாய்க்கடிக்கான ஊசிதான் இதற்கும். தொடர்ந்து ஓட்டப் போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். புள்ளிமானைக் காரில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பயத்தில் உதறி ஓடப் பார்த்தே அதன் தசைகள் சிதைந்துபோகும். காயம் சின்னதாக இருந்தும் இரண்டு நாள் கழித்து மான் இறப்பது அதனால்தான். வனத்துறை மருத்துவர் வரும்வரை ஆட்களை விலக்கி, நாய்களைத் துரத்தி, முடிந்தால் கண்ணில் துணி போட்டு, நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்துக் காத்திருங்கள். அதுவே பெரிய உதவி.

சிட்னிவாசி | செவ்வாய், மாலை 4.18

நான் பிறந்தது யாழ்ப்பாணம், இப்போது சிட்னி. இங்கே காட்டு உயிர்களை மீட்கும் வயர்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது, 1985இல் தொடங்கியது. பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஆறு வருடமாக அதில் ஓட்டுகிறேன். இங்கே எனக்குப் பிடித்தது வேலைப் பிரிவு. தொலைபேசியில் இருப்பவர் ஒருவர், மீட்பவர் ஒருவர், வளர்த்துக் காட்டில் விடுபவர் ஒருவர். யாரும் எல்லாவற்றையும் தலையில் தூக்குவதில்லை. அதனால்தான் இத்தனை வருடம் களைத்துப்போகாமல் நிற்க முடிகிறது.

எங்கள் பெரிய வேலை சாலையில் அடிபட்ட கங்காரு. தாய் இறந்திருந்தாலும் பையில் குட்டி உயிரோடு இருக்கும். சின்னக் குட்டியின் வாய் முலைக்காம்பில் ஒட்டியே இருக்கும், பிடித்து இழுத்தால் தாடை போய்விடும். காம்பைத் தாயின் உடம்புப் பக்கம் வெட்டிக் குட்டியோடேயே எடுக்க வேண்டும். பிறகு தலையணை உறைக்குள் போட்டு என் சட்டைக்குள் வைத்துக்கொள்வேன், உடம்புச் சூடுதான் பை. முதல் முறை செய்தபோது அழுதேன். இப்போதும் சில இரவு அழுவேன்.

வௌவாலுக்கு இங்கே கண்டிப்பான விதி. தடுப்பூசி போடாதவர் தொடவே கூடாது, அருகே நின்று ஆட்களை விலக்குவதோடு சரி. அங்கேயும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பியில் இறந்து தொங்கும் தாய் வௌவாலின் நெஞ்சைத் தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குட்டி பற்றிக்கொண்டு இருக்கலாம்.

பள்ளிக்கரணைவாசி | செவ்வாய், மாலை 6.40

சிட்னி அக்கா, அந்த வேலைப் பிரிவுதான் எனக்கு இத்தனை நாள் தோன்றாதது. நானே போன் எடுத்து, நானே ஓட்டி, நானே இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபருக்கு முன் ஒரு விஷயம் ஓட்டப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் ஆறுமணிக்குருவிகள் வரும் காலம் அது. இரவில் பறந்து வந்து, விடிகாலையில் களைத்து இறங்கும் நேரம் அடுக்குமாடிக் கண்ணாடியில் மோதும். ஒன்பது நிறமும் உள்ள குருவி என்பதால் எல்லோரும் கையில் வைத்துப் படம் எடுப்பார்கள். அழைத்தவருக்கு நாம் போனிலேயே சொல்ல வேண்டியது, "படம் வேண்டாம், பெட்டியில் வைத்து மூடுங்கள், இருட்டில் இரண்டு மணி நேரம்." பல குருவிகள் அதிலேயே தெளிந்துவிடும். மாலையில் மரம் அடர்ந்த இடத்தில் திறந்துவிட்டால் போதும், வண்டியே தேவைப்படாது. தெளியாவிட்டால், இறக்கை தொங்கினால், அப்போது கிளம்புவோம்.

பெட்டியைக் கார் டிக்கியில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் அது அடுப்பு. எட்டாத உயரத்தில் நூலில் தொங்கினால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், யாரும் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறாதீர்கள்.

மாடித்தோட்டம் | புதன், காலை 11.30

மடையானைப் பற்றிக் கேட்டேன். இறக்கையில் தையல் போட்டிருக்கிறார்களாம், தசைநார் அறுபடவில்லையாம். மீன் தின்கிறதாம். இன்னும் சில வாரம் பார்த்துவிட்டுத்தான் பறக்குமா என்று சொல்ல முடியும் என்றார்கள்.

நேற்று மாலை நானும் மாமியாரும் எங்கள் தெருவில் ஒன்பது வீட்டு மொட்டைமாடிகளில் ஏறி நூல் பொறுக்கினோம். ஒரு பக்கெட் நிறைய வந்தது. துண்டு துண்டாக வெட்டித்தான் குப்பையில் போட்டோம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் பகலில் வீட்டில்தான் இருக்கிறேன். போனில் உட்கார என்னால் முடியும். வருகிற அழைப்புக்கு "பால் ஊட்டாதீர்கள், பெட்டியில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்து அனுப்புகிறேன்.

பள்ளிக்கரணைவாசி | புதன், இரவு 8.50

அக்கா, இதைவிட என்ன வேண்டும். இதுவரை சேர்ந்தவர்களை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். பகல் போன், மாடித்தோட்டம் அக்கா. விடிகாலை நாலிலிருந்து ஏழு வரையும் மாலை ஏழு மணிக்கு முன்பும், இரவுப்பணி தம்பி. சனி, ஞாயிறும் செவ்வாய் இரவும் நான். கனமான உருப்படிக்கு நீலாங்கரைத் தம்பி. சந்தேகத்துக்கு டாக்டர், சம்மதம் கேட்டுவிட்டேன். புதன், வியாழன், வெள்ளி இரவுகளுக்கு இன்னும் ஆளில்லை. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் யாருமே இல்லை.

வழக்கறிஞர்_தாம்பரம் | புதன், இரவு 9.15

வியாழன் இரவு என் பெயரைப் போடுங்கள். வண்டி சின்னதுதான், ஆல்டோ. பின் சீட் மடங்கும். பெட்டியும் துண்டும் நாளைக்கு வாங்கி வைத்துவிடுகிறேன். எந்த அளவுப் பெட்டி வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பள்ளிக்கரணைவாசி | புதன், இரவு 9.18

மைனா அளவுக்குச் செருப்புப் பெட்டி ஒன்று, கூகை அளவுக்கு மிக்ஸி பெட்டி ஒன்று. துளை இன்றைக்கே போட்டு வையுங்கள் சார். உள்ளேயிருந்து வெளியே.